பெட்டிக்குள் இருந்த பூட்ஸ்

பினாங்கு

அன்புள்ள தவமணிக்கு,

நீயும் அத்தையும் சுகந்தானே? உன் இடுப்புவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் போனில் என் குரல் கம்மியிருந்ததே, அது லேசான எலிக்காய்ச்சல். பயப்படாதே, மாத்திரையிலேயே சரியாகிவிட்டது. ஜெலுத்தோங்கில் எங்கள் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் சாக்கடை கழுவும்போது, எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் இருந்த கீறல் வழியே உள்ளே போய்விட்டதாம்.

"வெறுங்காலோடவா லோங்காங் கழுவுனீங்க? முதலாளி பூட்ஸ் குடுக்கலையா?" என்று டாக்டர் காமினி கேட்டார். கொடுத்தார்தான். வயல் வேலைக்கு உனக்கு ஆகுமே என்று புதுசாகவே பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன். அதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார்.

"வயல்லயும் எலி இருக்குலா அண்ணே. அவங்களுக்கும் கட்டாயம் வேணும். ஆனா இது உங்க சைஸ், நீங்க போடுங்க."

இப்போது தினமும் போடுகிறேன். உனக்கு இங்கே பாசாரில் வேறு வாங்கப் போகிறேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் சீனி முகம்மது அண்ணன் அடுத்த மாதம் திரும்புவார். காகிதத்தில் பாதத்தை வைத்து, சுற்றி வரைந்து அவரிடம் கொடுத்தனுப்பு. அண்ணன் கிளம்பத் தயாராகிவிட்டார், முடிக்கிறேன்.

உன் செருப்பு நம்பரைப் போனில் சொல்லிவிடாதே. சேறு பட்டிருந்தாலும் பரவாயில்லை, எனக்கு அந்தக் காகிதம் வேண்டும்.

உன்,
முத்திருளன்