பீப் ஒலிக்கு முன்னால் ஒரு வளையல் சத்தம்

அக்கா,

இன்று காலை மந்தைவெளியில் டைப்பிங் கடையில் உட்கார்ந்திருந்தேன். என் ஆய்வேட்டின் எழுபத்தோராம் பக்கத்தை மூன்றாவது முறையாக அடிக்கக் கொடுத்திருந்தேன். கம்ப்யூட்டரில் அடிக்கிற பெண் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, கண்ணாடி வளையல்களை முழங்கைப் பக்கமாகத் தள்ளிவிட்டாள். கலீர் என்று ஒரு சத்தம். நான் சட்டென்று திரும்பி வாசலைப் பார்த்தேன். நீ வருகிறாய் என்று நினைத்துத் திரும்பவில்லை. நினைப்பதற்குள் கழுத்து திரும்பிவிட்டது. வாசலில் யாரோ நிறுத்தியிருந்த சைக்கிள் மட்டும் நின்றது. எனக்கு எரிச்சலாக வந்தது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. என் கழுத்துக்கு இன்னும் அது தெரியவில்லை.

"அதே பக்கம்தானே மேடம்? சார் மறுபடியும் செவப்பு மையில கோடு போட்டுட்டாரா?" என்றாள் அந்தப் பெண்.

"ஆமா."

"இந்த ஒரு பாராவ எடுத்துட்டா வேலை முடிஞ்சிடும். எலியப் பத்திதானே எழுதுறீங்க, நடுவுல வளையல் எதுக்கு?"

"அடிங்க" என்றேன். அவ்வளவுதான். என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அடையாறில் அந்த ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரம், யாரிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் பெரும்பாலும் எலி ரூமில்தான் நின்றேன். உமி வாசனையும் மூத்திர வாசனையும் கலந்த அந்த அறையில் நீ கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாய். "கொஞ்சம் தள்ளிக்கறீங்களா?" என்று கேட்டேன். "இன்னாத்துக்கு நீங்க, வாங்கன்னு இழுத்துக்கினு? நான் இன்னா உன் மாமியாரா? சும்மா அக்கான்னு கூப்டு, டாக்டரம்மா" என்றாய். டாக்டர் ஆக இன்னும் எத்தனையோ வருஷம் கிடந்தது. அன்றிலிருந்து உனக்கு நான் டாக்டரம்மா. உனக்கு என்னைவிட ஆறு வயதுதான் அதிகம். இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம். உன் மீன் குழம்பு, என் தயிர் சாதம்.

எலிக்குச் சொட்டு விட வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய தண்ணீர் வால்வு வரவே இல்லை. அதனால்தான் உன்னைப் பரிசோதனை அறைக்குக் கூப்பிட்டார்கள். அசையாமல் ஒரு மணி நேரம் உட்கார வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. வேலை சின்னதுதான். உன் முன்னால் ஒரு சிவப்பு பல்பு எரியும். நீ கையைத் தூக்கி ரப்பர் குழாயின் கிளிப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு பீப் ஒலி. சுண்டெலி முன்னங்காலால் லீவரை அமுக்கினால், கிளிப்பைத் தளர்த்தி ஒரே ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர் விடவேண்டும். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எலியின் சிறுமூளையில், தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஒன்று ஒற்றைச் செல்லின் அருகில் நிற்கும். அந்தச் செல்லின் துடிப்பு ஸ்பீக்கரில் தகரக் கூரைமேல் தூறல் போல விடாமல் சடசடக்கும். எப்போதாவது நடுவில் கனமாக ஒரு துடிப்பு, டொப். எங்களுக்கு வேண்டியது அந்த டொப்தான்.

எலி தவறு செய்யும்போது அதைத் திருத்தத்தான் அந்த டொப் வருகிறது என்று புத்தகம் சொன்னது. என் கைடு சாரும் அதையே சொன்னார். முதல் நாட்களில் அது சொட்டு நாக்கில் படும்போது வந்தது. எலி நன்றாகக் கற்றுக்கொண்ட பிறகு, தவறே செய்யாதபோதும் வந்தது, ஆனால் இடம் மாறி. சொட்டுக்கு வரவில்லை. பீப்புக்கும் வரவில்லை. பீப்புக்கு அரை விநாடி முன்னால் வந்தது. இன்னும் ஒலிக்காத ஒலிக்கு ஒரு செல் எப்படித் துடிக்கும்?

"பல்பு ஸ்விட்ச்லேர்ந்து கரண்ட் கசியுது. எர்த் சரியில்ல. பாரும்மா" என்றார் சார். மூன்று வாரம் எர்த் கம்பி மாற்றினேன். நீ டார்ச் பிடித்தாய். "டாக்டருக்குப் படிக்கிறியா, எலக்ட்ரீசியனுக்குப் படிக்கிறியா?" என்று கேட்டாய். நான் சிரிக்கவில்லை. எத்தனை கம்பி மாற்றியும் அது போகவில்லை. உன் மச்சினி கல்யாணத்துக்கு நீ இரண்டு நாள் லீவு போட்டபோது ஆபீஸ் உதவியாளர் ஒருவர் கிளிப்பைப் பிடித்தார். அந்த இரண்டு நாளும் அது வரவில்லை. நீ திரும்பி வந்ததும் அதுவும் வந்துவிட்டது.

ஒரு நாள் ஏசி ஓடவில்லை. பல்பு எரியவில்லை, பீப் அடிக்கவில்லை. நீ சும்மா கழுத்து வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினாய். வளையல் சரிந்தது. ஸ்பீக்கரில் டொப். எலி லீவரை அமுக்கியது.

நான் தடுப்பைத் தாண்டி எட்டிப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாய். "இன்னா?" என்றாய். "அக்கா, இன்னொரு தடவ கையத் தூக்கு." தூக்கினாய். டொப். அடுத்து நான் சொல்லாமலே இடது கையால் வளையல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையைத் தூக்கினாய். ஒன்றும் வரவில்லை. பிடியை விட்டுக் குலுக்கினாய். டொப். "அடப்பாவி! நாலு மாசமா இந்தச் சுண்டைக்காய் உன் பீப்ப கேக்கவே இல்லியா? என் வளையலத்தான் கேட்டுக்கினு இருந்துச்சா?" என்று நீ சிரித்த சிரிப்பில் எலி பயந்து ஒடுங்கியது. எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அந்த அறையில் நான் சத்தமாகச் சிரித்தது அன்று ஒரு நாள்தான்.

அந்தச் சந்தோஷத்திலேயே ஓடிப்போய் சாரிடம் சொன்னேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். என்ன கண்டுபிடித்தோம் என்று சொல்லாமல், என்ன தவறு நடந்தது என்று சொன்னேன்.

சார் வந்தார். "நாலு மாச வேலையும் பாழ். வளையலக் கழட்டிட்டு உக்காரச் சொல்லு" என்றார், உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்து.

"கழட்ட மாட்டேன் சார். எங்க ஊட்டுக்காரரு கடலுக்குப் போயிகீறாரு. அவரு கரைக்கு வர்றவரிக்கும் வெறுங்கையா கீறது எங்க குப்பத்துல கெடையாது."

"இது லேப்ம்மா. மூடநம்பிக்கைக்கு எடம் இல்ல."

நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். மொசைக்கில் கறுப்புக் கல் எது, வெள்ளைக் கல் எது என்று இன்றும் சொல்வேன், அவ்வளவு நேரம் பார்த்தேன்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் தோன்றியது: வளையல் மேல் ஒரு துணியைச் சுற்றியிருந்தால் போதும். இந்தச் சின்ன விஷயம் ஏன் அந்த நிமிஷம் வாயில் வரவில்லை? மறுநாள் காலையில் நீயே வலது கையில் பழைய புடவைக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாய். குலுக்கிக் காட்டினாய், சத்தமே இல்லை. "நீ போயி சொல்லு. நீ சொன்னா கேப்பாரு" என்றாய். "நாளைக்குச் சொல்றேன் அக்கா" என்றேன். மறுநாள் கேட்டாய். "நாளைக்கு." மூன்றாம் நாள் நீ கேட்கவில்லை. கூண்டு கழுவப் போய்விட்டாய். அந்த ஆபீஸ் உதவியாளரே நிரந்தரமாக உட்கார்ந்தார். புது எலிகளோடு எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது.

அதற்குப் பிறகும் நீ என்னோடு சாப்பிட்டாய். நான்தான் இரண்டு வாயோடு எழுந்துவிடுவேன். ஒரு நாள் நீ கேட்டாய்: "ஏன் கம்முனு கீற? எலி கூட தேவல, தெரிஞ்சத அமுக்கிக் காட்டுச்சு."

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. மஞ்சள் காமாலை கண்ணில் தெரிந்த அன்றே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு, "இன்னாத்துக்கு பேஜாரு பண்ற" என்று என்னைத்தான் அதட்டினாய். நொச்சிக்குப்பத்தில் உன் வீட்டு வாசலில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். கை நிறையப் பச்சை வளையல், முழங்கை வரை அடுக்கியிருந்தார்கள். உன் வீட்டுக்காரர் கரையில்தான் இருந்தார். உன்னைத் தூக்கும்போது அவை கலகலக்கும் என்று காத்திருந்தேன். அவ்வளவு நெருக்கமாக அடுக்கியிருந்ததால் சத்தமே வரவில்லை.

மறுவாரம் பழைய கேசட்டுகளை எடுத்தேன். ஒரு பக்கம் எலியின் செல், இன்னொரு பக்கம் பீப்பைப் பதிவு செய்ய வைத்த மைக் என்று எல்லாமே இரண்டு தடத்தில் பதிவானவை. சார் பாழ் என்று மூட்டை கட்டச் சொன்ன கேசட்டுகள் அவை. அந்த மைக்கில் நீ இருந்தாய். பீப்புக்கு முன்னால் உன் வளையல், அதை ஒட்டி டொப். ஒவ்வொன்றாக அளந்தேன். எலி கற்கக் கற்க அந்தத் துடிப்பு சொட்டிலிருந்து வளையலுக்கு நகர்ந்ததை வரைபடமாகப் போட்டேன். பாழ் இல்லை அக்கா. தவறைக் குறிக்கத்தான் அந்தத் துடிப்பு என்றார்கள். இந்தச் செல்களில் அது வரப்போகிற நல்லதைக் குறித்தது. அது நம் எலிகளுக்கு மட்டும்தானா, எனக்குத் தெரியாது. ஆனால் கேசட்டில் இருக்கிறது.

அதுதான் எழுபத்தோராம் பக்கம். 'தண்ணீர் கொடுத்த உதவியாளரின் கண்ணாடி வளையல் ஓசையையே எலிகள் அடையாளமாகக் கற்றுக்கொண்டன' என்று தொடங்குகிறது. உன் பெயரும் இருக்கிறது. சார் இரண்டு முறை சிவப்பு மையில் அடித்துவிட்டார். "இது ஆக்ஸிடெண்ட்மா, எக்ஸ்பெரிமெண்ட் இல்ல. எக்ஸாமினர் சிரிப்பார். இத எடுத்தாத்தான் கையெழுத்து" என்றார். அவர் கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு போகாது. அது போகாவிட்டால் இத்தனை வருஷமும் எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். அம்மா ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

மந்தைவெளியிலிருந்து நேரே இங்கே வந்து அந்தப் பக்கத்தை மூன்றாம் முறையாக அவர் மேஜையில் வைத்தேன். "என்னம்மா இது, மறுபடியுமா?" தரையைத்தான் பார்த்தேன். அதே மொசைக். ஆனால் வாய் திறந்தது. "கேசட்ட ஒரு தடவ கேளுங்க சார். கேட்டுட்டு அடிங்க."

கடைசிக் கேசட்டையும் பக்கத்தின் மேல் வைத்தேன். "வச்சிட்டுப் போ. நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

யாருடைய வார்த்தை அது, பார்த்தாயா?

"பரவால்ல சார், வெளிய இருக்கேன்" என்றேன்.

இதை அவர் அறைக்கு வெளியே, பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. கதவு மூடியிருக்கிறது, உள்ளே டேப் ரெக்கார்டர் ஓடுகிறதா என்று தெரியவில்லை. வாக்மேன் என் மடியில் இருக்கிறது. கடைசிக் கேசட்டின் பிரதி அதில். எலி தயங்கி நிற்கிற ஓர் இடத்தில், நான் கேட்கமாட்டேன் என்று நினைத்து நீ அதனிடம் கிசுகிசுக்கிறாய்: "கம்முனு கீறியே, அமுக்கு கண்ணு." எட்டு மாதமாக அந்த இடத்தை டேப் தேய்கிற அளவுக்குக் கேட்டாயிற்று. வளையல் சத்தத்துக்கு வாசலைப் பார்க்கிற கழுத்து ஒன்று, இந்த ஒரு வரி ஒன்று. நீ விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

உள்ளே நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் கேட்கிறது. கதவு இன்னும் திறக்கவில்லை. எனக்குள் அதற்குள்ளாகவே டொப்.