விவரத்துடன் காட்டவும்

ஆகஸ்ட் 4, திங்கள்

இரண்டாம் ஆண்டுக்கான பில் காலையிலேயே வந்துவிட்டது. எங்கள் பல்கலைக்கழகம் தேர்வு முடிவை வெளியிட மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும். பில் மட்டும் ஒருநாளும் தாமதமானதில்லை. அடியில் சிவப்பு எழுத்து: செப்டம்பர் 15க்குள் முழுத் தொகையும் கட்டாவிட்டால் பாடப்பதிவு ரத்து. ரத்தானால் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் யாரோ வந்து என் இடத்தில் உட்காருவார்கள். நான் வீட்டில் உட்காருவேன்.

போன வருடம் அப்பா கட்டினார். இந்த வருடம் அவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி, பள்ளி வேன் ஓட்டுவதை விட்டு, ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருக்கிறார். சேமிப்பு மொத்தமும் அந்த முதுகுக்கே போய்விட்டது. ஆகவே மாலையில் எங்கள் கூடத்தில் குடும்ப மாநாடு. அம்மாவுக்கு மாலை ஷிப்ட். அவளுக்காக யாரும் காத்திருக்கவில்லை.

தலைமை பெரியப்பா, இரும்புச் சாமான் கடை முதலாளி. அடுத்து அத்தை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஓய்வு பள்ளிக்கூடத்துக்குத்தான் கிடைத்தது, எங்களுக்குக் கிடைக்கவில்லை. மூன்றாவது அக்காவின் கணவர், அத்தான். காப்பீட்டு பாலிசி விற்கிறார், மூச்சு விடும்போதுகூட. தீர்மானம்: பெரியப்பா பாதி, மற்ற இருவரும் ஆளுக்குக் கால்.

"நம்ம குடும்பத்துல காசில்லாம ஒரு பொண்ணு படிப்பு நின்னுச்சுன்னு பேர் வரக்கூடாது" என்றார் பெரியப்பா. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நிஜமாகவே. இதை எழுதி வைத்துக்கொள்கிறேன், பின்னால் நானே நம்பமாட்டேன்.

ஆகஸ்ட் 7

பல்கலைக்கழகப் போர்ட்டலில் மூவரையும் "பணம் கட்டுபவர்" என்று சேர்த்தேன். ஒவ்வொருவருக்கும் தனி லாகின். கீழே ஒரு கேள்வி இருந்தது: மொத்தத் தொகையை மட்டும் காட்டவா, விவரத்துடன் காட்டவா? கொடுக்கிறவர்களிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று மூன்று பேருக்கும் விவரத்துடன் என்பதையே அழுத்தினேன். அழுத்திவிட்டு என் நேர்மையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 9

அத்தை தன் பங்கைக் கட்டிவிட்டார். கட்டிய நாலாவது நிமிடம் போன்.

"லைப்ரரி அபராதம்னு ஒண்ணு இருக்கே?"

"அது போன வருஷம் அத்தை. புக்கைத் திருப்பிக் குடுக்க ரெண்டு நாள் லேட்டாயிடுச்சு."

"ஆறு நாள். தேதி போட்டிருக்கு."

அபராதம் அத்தையின் பங்கில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. பேச்சு நாற்பது நிமிடம்.

ஆகஸ்ட் 13

பெரியப்பா இன்னும் கட்டவில்லை. படித்துக்கொண்டிருக்கிறார். "பில்லைப் படிச்சுப் படிச்சே கடையை வளர்த்தவன் நான்" என்றார். இன்றைய விசாரணை:

"மாணவர் சங்கமா? எந்தச் சங்கம்? கொடி புடிக்கப் போறியா?"

"எல்லாருக்கும் போடுறதுதான் பெரியப்பா."

"உடற்பயிற்சிக் கூடம்னு போட்டிருக்கான். அங்க போறியா நீ?"

"இல்ல."

"போகாத இடத்துக்கு எதுக்குக் காசு? போ. தினம் போ."

அத்தான் தன் கால் பங்கைக் கட்டிவிட்டார். அதற்கு முன் என் பெயரில் ஆயுள் காப்பீட்டு பாரம் ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "தப்பா எடுத்துக்காத. நாளைக்கே உனக்கு ஒண்ணுன்னா நாங்க போட்ட காசு என்னாகும், சொல்லு." ரொம்பப் பாசமாகச் சொன்னார். தப்பாக எடுத்துக்கொள்ளவே முடியவில்லை.

ஆகஸ்ட் 20

ஹாஸ்டலுக்குத் திரும்பி மூன்று நாளாகிறது. காலை ஆறு மணிக்கு உடற்பயிற்சிக் கூடம். நான் ஓடவில்லை, பெரியப்பாவின் பணத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

அறைச் சாவி தொலைந்தது. மாற்றுச் சாவிக்கான கட்டணம் மதியம் பில்லில் ஏறியது. பத்து நிமிடத்தில் குடும்பக் குழுவில் செய்தி: "சாவியையே பத்திரமா வச்சுக்கத் தெரியல." அறைத்தோழி எட்டிப் பார்த்துவிட்டு, "மேட்ச் பாக்குற மாதிரி பாக்குறாங்கடி உன் பில்லை" என்றாள். அவளுக்கு உதவித்தொகை. அவள் பில்லைப் பார்க்க அவளுக்கே நேரமில்லை.

ஆகஸ்ட் 26

உடற்பயிற்சிக் கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது கண் இருட்டி விழுந்துவிட்டேன். மருத்துவ மையத்தில் ரத்தம் எடுத்துக்கொண்டு, பத்து நிமிடம் படுக்க வைத்து அனுப்பினார்கள். அவ்வளவுதான் நடந்தது.

பில்லில் ஏறியது: மருத்துவ மையம், ரத்தப் பரிசோதனை.

அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டு கூப்பிட்டார். இத்தனை வருடத்தில் அவர் குரலைத் தாழ்த்தி நான் கேட்டதில்லை. "மயக்கமா? எத்தனை நாளா இருக்கு? எங்கிட்ட மட்டும் சொல்லு, வெளிய போகாது."

காலையில் சாப்பிடாமல் ஓடினேன் என்றேன். "ம்ம்" என்றார்.

மாலைக்குள் அக்கா கூப்பிட்டாள். அவளுக்குப் பின்னால் அத்தானின் குரல் என்னவோ கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு பெரியம்மா. அவர் என் திருமண வயதைப் பற்றிப் பொதுவாகப் பேசினார்.

ஆகஸ்ட் 27

அம்மா வேலை இடத்திலிருந்து கூப்பிட்டாள். பின்னால் மெஷின் சத்தம். இரண்டு முறை சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

"நீ அப்படிப்பட்டவ இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கேக்குறேன். ஏதாவது இருக்கா?"

கேட்டுட்டாளே. அம்மாவே கேட்டுட்டாளே.

ஆகஸ்ட் 28

முடிவு வந்தது. இரும்புச் சத்துக் குறைவு. இரும்புக் கடைக்காரர் உட்பட எல்லோரும் பார்க்கட்டும் என்று குழுவில் படம் எடுத்துப் போட்டேன். இரண்டு நாளாக வாய் ஓயாதவர்கள் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பெரியப்பா ஒரு கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். அம்மாவும் பார்த்துவிட்டாள் என்று காட்டியது.

போர்ட்டலுக்குள் போய் மூவருக்கும் "மொத்தத் தொகை மட்டும்" என்று மாற்றினேன். கோபத்தில்தான்.

செப்டம்பர் 1

"மூடிட்டியாமே" என்றார் பெரியப்பா.

"ஆமா பெரியப்பா."

"பில்லைப் பாக்காம யாருக்கும் நான் காசு குடுத்ததில்ல. கம்பெனிக்காரனுக்கே குடுத்ததில்ல. திற, அன்னைக்கே கட்டுறேன்."

அத்தை மட்டும் பரவாயில்லை. "கட்டினதைத் திருப்பிக் கேக்குற பழக்கம் எனக்கில்ல" என்றார். இதை மூன்று பேரிடம் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்.

அப்பாவிடம் பேசினேன். ரொம்ப நேரம் முதுகு வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில், "அண்ணன் கேக்குறதுல தப்பில்லையேம்மா. திறந்துதான் விடேன்" என்றார். குரலே எழும்பவில்லை அவருக்கு. அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

பதினான்கு நாள் இருக்கிறது.

செப்டம்பர் 5

இன்று இரண்டு தடவை திறந்துவிடப் போனேன். திறக்கவில்லை. இது ரோஷமா வெறும் வீம்பா? இடம் போய்விட்டால் இரண்டுக்கும் ஒரே விலைதான்.

செப்டம்பர் 8

கட்டணப் பிரிவுக்குப் போனேன். நாலாம் கவுன்டரில் ஒரு அம்மா இருக்கிறார். சிரிக்க மாட்டார், ஆனால் எல்லோரையும் "கண்ணு" என்பார்.

"பாதி கட்டியாச்சுல்ல கண்ணு? மீதிப் பாதிய அஞ்சு மாசத் தவணையாக் கட்டலாம். முதல் தவணை பதினஞ்சுக்குள்ள. உத்தரவாதக் கையெழுத்துப் போட ஒருத்தர் வேணும். மாசச் சம்பளத்துல இருக்கணும். ஆறு மாசச் சம்பளச் சீட்டு."

இப்படி ஒரு வழி இருக்கிறது என்று பில்லில் எங்கேயும் போடவில்லை. கேட்டால், "இணையதளத்துல இருக்கே" என்றார். இருக்கிறதாம், பதினேழாம் பக்கத்தில்.

மாநாட்டு உறுப்பினர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். சொந்தக் கடையா? செல்லாது. கமிஷனா? செல்லாது. ஓய்வூதியமா? வேலையில் இருக்கவேண்டும் கண்ணு. ஊரையே அதட்டும் மூன்று பேரும் ஒரு சம்பளச் சீட்டுக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போனார்கள். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்புறம் அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அப்பா வேன் டிரைவர், அம்மா இல்லத்தரசி. வேற யாருமே இல்லையா?"

இல்லத்தரசி.

அதை எழுதியது நான். போன வருடம் சேர்க்கை விண்ணப்பத்தில். பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருந்த பெண் தாயின் தொழில் என்ற இடத்தில் பேராசிரியை என்று எழுதினாள். பார்த்தேன். என் அம்மா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். ரத்தக் கறை படிந்த விரிப்புகளைத் துவைக்கிறாள். அதை எழுதக் கை வரவில்லை. இல்லத்தரசி என்று எழுதினேன், நல்ல கையெழுத்தில்.

அவள் இல்லாமல் மாநாடு போட்டார்கள் என்று ஒரு மாதமாக அவர்களை நக்கல் அடித்துக்கொண்டிருக்கிறேன். நான் ஒரு வருடம் முன்னாலேயே அவளைக் கணக்கில் எடுக்காமல் விட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 9

போனில் சொல்ல முடியவில்லை. "ஒரு கையெழுத்து வேணும்மா, சம்பளச் சீட்டு எடுத்துட்டு வா" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. அரை நாள் லீவு சொல்கிறேன் என்றாள்.

செப்டம்பர் 11

வந்தாள். ஆறு மாதச் சீட்டு கேட்டால் பதினோரு வருடச் சீட்டுகளையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி எடுத்து வந்திருந்தாள். வருட வாரியாக அடுக்கி.

நாலாம் கவுன்டர் அம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "இதுல இல்லத்தரசின்னு இருக்கு. திருத்தினாத்தான் கையெழுத்து வாங்க முடியும்."

அம்மா குனிந்து படித்தாள். "யாரு எழுதினது?"

"விண்ணப்பத்துல இருக்கிறதுதாம்மா. உங்க பொண்ணு எழுதினது."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "திருத்துங்க" என்றாள். "ஆஸ்பத்திரி, சலவைப் பிரிவு." தட்டி முடிக்கும்வரை நின்று பார்த்து, பிழை இருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். மதியம் அவள் வேலைக்குத் திரும்பவேண்டும்.

"பதினோரு வருஷமா சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிட்டுக் கிளம்புறேனே. எங்க போறேன்னு நெனச்ச?"

மன்னிப்புக் கேட்க வேண்டிய நேரத்தில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ அன்னைக்குப் போன்ல அப்படிக் கேட்டது எனக்கும் வலிச்சுது." வெட்கமே இல்லாமல்.

"வலிச்சிருக்கும்" என்றாள். "கேட்டிருக்கக் கூடாது."

பேருந்து வந்தது. ஏறிக்கொண்டாள். நான் கேட்க வேண்டிய மன்னிப்பையும் அவளே கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

செப்டம்பர் 15

அம்மா முதல் தவணை கட்டிவிட்டாள். பாடப்பதிவு உறுதி என்று செய்தி வந்தது. அவளையும் பணம் கட்டுபவராகச் சேர்த்தேன். அவள் கேட்காமலே, விவரத்துடன்.

குழுவில் பெரியப்பா: "சந்தோஷம். மீதி யாரு கட்டினது?"

ஒரு மணி நேரம் கழித்து அப்பா போட்டார்: "அவ அம்மா."

அக்டோபர் 3

"பணம் போட்டுட்டேன்." அவ்வளவுதான் அம்மா பேசினாள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள். நேரம் ஆகவில்லை, எனக்குத் தெரியும்.

நவம்பர் 6

காலையில் அம்மா.

"ஹாஸ்டல் சலவைன்னு போட்டிருக்கானே, ஒரு மாசத்துக்கா இவ்வளவு? எத்தனை கிலோ போட்ட?"

"எடை பாக்கலம்மா."

"ஒரு ஆள் துணி மாசத்துக்கு இருபது கிலோ தாண்டாது. இவன் நாப்பதுக்குப் போட்டிருக்கான். துவைச்சு ஈரத்தோட தூக்கி வச்சு எடை பாத்திருப்பான். போய்க் கேளு. விடாத."

இரண்டு மாதத்தில் அவள் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது இன்றுதான்.

போனேன். சலவை அறையில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள், பாதிப் பேர் என் வகுப்பு. கேட்டேன். சலவைக்காரர் முறைத்தார். "ஈரத்துல எடை போட்டோம்னு யாரு சொன்னா உனக்கு?"

"எங்கம்மா. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுல பதினோரு வருஷமா இருக்காங்க. வேணும்னா நீங்களே பேசுங்க."

கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். போனைப் போட்டு நீட்டினேன். வாங்கிக்கொண்டார். முதலில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு "இல்லம்மா" என்றார். பிறகு "சரிம்மா." கடைசியில் "சரிங்கம்மா, சரிங்கம்மா." பேனாவை எடுத்து என் சீட்டில் நாற்பதை அடித்து இருபது என்று எழுதினார்.

போனைத் திரும்ப வாங்கும்போது பின்னால் நின்றவள் தன் சீட்டை நீட்டினாள். "உங்கம்மாகிட்ட என்னோடதையும் கேக்குறியா?"

அம்மாவிடம் கேட்டேன். இடைவேளை முடியப் பத்து நிமிடம் இருக்கிறதாம்.

"வரிசையா வரச்சொல்லு" என்றாள்.