மதுவந்தியின் சின்ன விமானம்

அன்புள்ள உங்களுக்கு,

நம் மது சின்ன புரொபெல்லர் விமானத்தில் பைலட்டாகச் சேரலாமா, ஜெட்டுக்குக் காத்திருக்கலாமா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை. உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நேற்று மதுவோடு தேக்கா சந்தையில் டீ குடித்தபோது, பக்கத்து வீட்டு ஜெட் பைலட் ரஞ்சனிடம் கேட்டேன்.

"எனக்கு நாள் முழுக்கப் பறந்தாலும் ஒரே லேண்டிங்தான், அக்கா. சின்னதுல தினமும் நாலு, லா. கை நல்லாப் பழகும்." ரஞ்சன் சிங்கப்பூர்க்காரர்கள் போலவே பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுகிறார்.

"சித்தப்பா அதைப் 'பறக்கும் மினிபஸ்'னு கிண்டல் பண்ணுவாரே!" என்றாள் மது.

"அவரையே முதல் டிக்கெட் எடுக்கச் சொல்லு."

மது சிரித்தாள். முடிவு சொல்லவில்லை. நாளைக்குள் பதில் கொடுக்க வேண்டும்.

இங்கே எல்லாம் கிடைக்கிறது. இருந்தாலும் நீங்கள் அரைத்த சாம்பார்பொடி கொஞ்சம் அனுப்புங்கள். ரயில் நிலையத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்; ரயில் வந்துவிட்டது.

உங்கள்
பத்மலோசனி

மறுநாள், தபாலில் போடுமுன்: மது சின்ன விமானத்துக்கே சம்மதித்துவிட்டாள். லிஃப்டில் முன்பின் தெரியாத சீனப் பெண்மணியிடம், "என் மகள் பைலட்" என்று நானாகவே சொன்னேன். அவர் கைதட்டினார்.