இடது பக்கம் இழுக்கும் வண்டி

அன்புள்ள லூர்து மச்சானுக்கு,

நீ இருக்கிற இடத்தில் மழை உண்டா? இங்கே ஆரணியில் ஒரு வாரமாக விட்டுவிட்டுப் பெய்கிறது. கல்லறைத் திருநாள் வருகிறதே என்று உன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் விட்டேன். அடித்தது காய்வதற்குள் மழை வந்து கழுவிக்கொண்டு போய்விட்டது. உன் பெயருக்குக் கீழே வெள்ளையாக வழிந்து நின்றதைப் பார்த்தேன். அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

சுண்ணாம்பு ஒரு சாக்குதான். உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்? உன் வண்டி திரும்பி வந்துவிட்டது, மச்சான்.

ஆமாம், அதே வண்டி. பெரணமல்லூர் ரோட்டில் மழை நேரத்தில் குறுக்கே திரும்பிய டிராக்டருக்கு ஒதுங்கப் போய்ப் புளியமரத்தில் மோதினாயே, கதவை அறுத்து உன்னை வெளியே எடுத்தோமே, அந்த வண்டிதான். இனி இது தேறாது என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். எவனோ ஏலத்தில் எடுத்து, எங்கேயோ வைத்துத் தட்டி ஒட்டி, சிவப்பை மறைத்துக் கறுப்பு அடித்து விற்பனைக்குப் போட்டிருக்கிறான். சென்னையில் வேலை பார்க்கிற உன் மகன் ஜெரி போனில் பழைய கார்களை மேய்ந்துகொண்டிருந்தவன், நம்பரை வைத்துக் கண்டுபிடித்துவிட்டான். போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் உன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தான். அதே ஹாரன். ஸ்டெல்லா அடுப்பைக் கூட அணைக்காமல் ஓடிவந்தாள்.

நானும்தான் ஓடினேன். ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. நீயே இறங்கிவந்து, என் காரைக் காட்டி, "இன்னா மச்சான், ஒன் ஜெர்மன்காரி எப்டி கீறா?" என்று கேட்டுவிடுவாய் போலிருந்தது. இறங்கியது ஜெரி. உன் சட்டையைப் போட்டிருந்தான்.

இந்தக் கடிதத்தை நம் பள்ளிக்கூட நண்பர்கள் குரூப்பில் போடப்போகிறேன். நாம் சண்டை போடுவதைக் கைதட்டி ரசித்தவர்கள் அவர்கள்தானே. வீட்டில் நான் சொல்வதை நம்ப ஆள் இல்லை. படிக்கிற இத்தனை பேரில் ஒருத்தனாவது நம்பட்டும்.

அவர்களுக்கெல்லாம் தெரிந்த கதைதான். நாம் ஒரே பெஞ்சு. பிறகு நீ என் தங்கச்சி ஸ்டெல்லாவைக் கட்டிக்கொண்டு மச்சான் ஆனாய். உனக்கு ரைஸ்மில், எனக்குப் பட்டுப்புடவைக்கு டிசைன் போட்டு ஜக்காடு அட்டை அடிக்கிற தொழில். தொழில் வேறு என்றாலும் பைத்தியம் ஒன்று. வேகமான கார். நான் ஜெர்மன் கம்பெனி வண்டி எடுத்தேன். நீ போட்டிக்கு அதே வருஷம் கொரியாக்காரனுடையதை எடுத்தாய். வீட்டில் இரண்டு பேருக்கும் சோறு போடக் கூடாது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

அது என்ன சண்டை! ஆக்சிலேட்டரை மிதித்ததும் உன் வண்டி கன்றுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டு ஓடும். என் வண்டி கியரை மாற்றலாமா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் நீ சேவூரைத் தாண்டியிருப்பாய். நூறைத் தொட்டுவிட்டால் மட்டும் கதை மாறும். உன் ஸ்டீரிங் லேசாகி, வண்டி மிதக்கிற மாதிரி இருக்கும். என்னுடையது கனத்துக்கொண்டு ரோட்டைக் கவ்விப் பிடிக்கும். வேகத்தடையில் உன்னுடையது டொக்கென்று விழும், டேஷ்போர்டுக்குள் ஏதோ ஒன்று கிறீச்சென்னும். என்னுடையதில் சத்தம் வராது, ஆனால் அடிப்பாகம் உரசி எனக்கு உயிர் போகும். உன்னுடையதில் கூரை திறக்கும், சீட்டுக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று வரும். என் வண்டியில் ஏசி போட்டுக்கொண்டு விசிறிக்கொள்ள வேண்டும். "உள்ள வேர்த்துகினு வெளிய பெருமையா?" என்று நீ கேட்பாய். எனக்குக் கோபம் வரும். இப்போது அப்படிக் கேட்க ஆளில்லாமல், அந்த வண்டியை ஓட்டுவதற்கே பிடிக்கவில்லை.

உழைப்பு, உறுதி என்று வந்தால் நான் விடமாட்டேன். என் கதவைச் சாத்தினால் தொம்மென்று கேட்கும். உன் கதவை பிஸ்கட் டப்பா என்பேன். பானெட்டை விரலால் அமுக்கி, "இது வண்டியா, அப்பளமா?" என்பேன். ஒருநாள் நீ கடைக்கு வந்திருந்தபோது மேசையில் கிடந்த ஜக்காடு அட்டைகளை ஒரு கொத்தாக எடுத்துக்கொண்டு உன் வண்டியிடம் வந்தேன், நினைவிருக்கிறதா? புடவைக் கரையின் டிசைனை ஓட்டை ஓட்டையாகக் குத்தி வைக்கிற அட்டை. எல்லாம் ஒரே தடிமன். அந்தக் கொத்தை உன் கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிற சந்தில் விட்டு, மேலிருந்து கீழே இழுத்தேன். எங்கேயாவது சிக்கும், மானத்தை வாங்கலாம் என்று பார்த்தால் வழுக்கிக்கொண்டு வந்தது. நாலு கதவிலும் அப்படியே. "இன்னா மச்சான், நெசவு நல்லா கீதா?" என்று கேட்டுவிட்டு என் டீயையும் நீயே குடித்தாய்.

உன் வண்டி நல்ல வண்டி என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். வெளியே சொல்வேனா? மச்சானிடம் யாராவது ஒத்துக்கொள்வார்களா? நீ போகிற நாள் வரைக்கும் அப்பளம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதுதான் இப்போது என் கழுத்தைப் பிடிக்கிறது.

வண்டி வந்த மறுநாள் பூசை முடிந்து பங்குச் சாமியார் வந்து மந்திரித்தார். புது வண்டிக்குத் தெளிக்கிற மாதிரியே தாராளமாகத் தீர்த்தம் தெளித்தார். எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டிருந்தபோது நான் இடது பக்கக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேல்பக்கச் சந்து வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி, முன்சீட்டில் சொட்டியது. ஸ்டெல்லா உட்காருகிற சீட்டு. அவள் முந்தானையால் துடைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அன்று சாயங்காலமே கடையிலிருந்து அட்டைகளை எடுத்துவந்தேன். வலது பக்கம் பரவாயில்லை. இடது முன்கதவில் மேலே விட்ட கொத்து பிடியே இல்லாமல் உள்ளே போய் விழுந்தது. கீழே ஒரு ஒற்றை அட்டைகூட நுழையவில்லை. ரப்பரைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். கண்ணாடியைத் தாங்குகிற தூணை வெட்டி, வேறு எதையோ வைத்து வெல்டிங் அடித்து, கட்டிகட்டியாக விட்டு, மேலே கறுப்பைப் பூசியிருக்கிறான். நான் இவ்வளவு நாள் வாயால் சொல்லிக்கொண்டிருந்த அப்பளம் இப்போது நிஜமாகவே என் எதிரில் நின்றது.

இன்னொன்றும் இருக்கிறது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மீட்டரில் எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து அணையும் அல்லவா? அதில் ஏர்பேக்குக்கு ஒரு சிவப்பு விளக்கு. எரிந்து அணைந்தால் பை உள்ளே இருக்கிறது, எரிந்துகொண்டே இருந்தால் பழுது. உன் வண்டியில் அது எரியவே இல்லை. மூன்று தரம் அழுத்திப் பார்த்தேன். பழுது என்று காட்டிவிடக் கூடாது என்பதற்காக விளக்கையே எடுத்துவிட்டிருக்கிறார்கள். ஸ்டீரிங் நடுவில் இருக்கிற மூடியும் புதுசு, நிறம் ஒத்துப்போகவில்லை. அதற்குப் பின்னால் என்ன இருக்கும்? அன்றைக்கு உன் முகத்தின் மேல் வெடித்த பை கிழிந்து தொங்கியதை நான் பார்த்தேன். அந்த இடத்தில் இப்போது ஒன்றும் இருக்காது என்றுதான் என் மனசு சொல்கிறது.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

"அண்ணா, அவரு இருந்தப்பவும் இந்த வண்டிய கொற சொல்லிகினே இருந்த. இப்பவும் அதே பேஜாரா? உட்டுடு. இதுல உக்காந்தா அவரு பக்கத்துல கீற மாதிரி இருக்குது எனக்கு."

அட்டையை எடுத்துக் காட்டினேன். சிரித்துவிட்டாள். நீயும் நானும் அந்த அட்டையை வைத்துக்கொண்டு ஆடிய கூத்து அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. பயம் மட்டும் வந்தது.

ஜெரி விவரமானவன், அவனிடம் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "வாங்க மாமா, ஒரு ரவுண்டு போலாம்" என்று போன வாரம் ஊருக்கு வந்தபோது அவனே கூட்டிக்கொண்டு போனான். பெரணமல்லூர் ரோடு. வேண்டாம் என்று சொன்னால் பயந்துவிட்டேன் என்பான். இன்ஜினில் ஒரு குறையும் சொல்ல முடியாது, மச்சான். அதே துள்ளல், அதே உறுமல். உன் மாதிரியே ஒரு கையால் ஓட்டுகிறான். புளியமரங்கள் ஆரம்பிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், "கைய எடுக்கறேன் பாருங்க மாமா, கோடு போட்ட மாதிரி போவும்" என்று ஸ்டீரிங்கை விட்டான்.

போகவில்லை. மெதுவாக, யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற மாதிரி, வண்டி இடது பக்கம் நகர்ந்தது. மரங்கள் இருக்கிற பக்கம். அடிபட்ட உன் மரத்தில் பட்டை போன இடம் இன்னும் வெளுப்பாகத் தெரிகிறது. அது கிட்டே வந்துகொண்டே இருந்தது. நான் கத்திவிட்டேன். அவன் சாவகாசமாக ஸ்டீரிங்கைப் பிடித்தான்.

"அலைன்மென்ட் மாமா. ஜல்தியா சரி பண்ணிடலாம்."

"சரி பண்றது அப்புறம்டா. சர்வீஸ் சென்டர்ல உட்டு, கம்ப்யூட்டர மாட்டி ஒரு தபா பாத்துடலாம். தூணு வெட்டி ஒட்டியிருக்குதுடா."

"அப்பாகிட்ட கடைசி வரைக்கும் தோத்துகினே இருந்தீங்க இல்ல, அதான் மாமா உங்களுக்குக் காண்டு. அப்பா கடைசியா புடிச்ச ஸ்டீரிங் இது. இத நான் யார்கிட்டயும் உட மாட்டேன்."

நீ பிடித்தது வேறு, இது வேறு என்று எப்படிச் சொல்வேன்? அவன் கண் கலங்கியிருந்தது.

பிறகு அவனே ஒரு வழி சொன்னான். உன் பிள்ளை அல்லவா, பந்தயம் கட்டாமல் இருப்பானா? "ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் இதே ரோடு. உங்க வண்டி, எங்கப்பா வண்டி. நீங்க முன்னாடி போய்ட்டா, சொல்ற எடத்துக்குக் கொண்டாறேன். நான் போய்ட்டா, இந்த வண்டியப் பத்தி நீங்க வாயே தொறக்கக் கூடாது. அம்மாவும் பக்கத்துல உக்காந்து வரேன்னு சொல்லிட்டாங்க."

அன்றிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் ஜெயிக்க வேண்டுமானால் வேகமாகப் போக வேண்டும். நான் வேகமாகப் போனால் அவனும் அந்த வண்டியை விரட்டுவான், என் தங்கச்சி அந்தச் சீட்டில் இருப்பாள். விட்டுக்கொடுத்து மெதுவாகப் போனால் ஜெயித்துவிடுவான், பிறகு வாழ்நாள் பூராவும் அதில்தான் அவளை ஏற்றிக்கொண்டு திரிவான். வண்டியில் எதையாவது பிடுங்கிப்போட்டு ஓடாமல் செய்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அவன் அதைத் தேடிக் கண்டுபிடித்து மாட்டிவிடுவான், என்னை எதிரியாகப் பார்ப்பான். நீ இருந்திருந்தால் ஒரு அதட்டலில் முடிந்திருக்கும். நீ இருந்திருந்தால் இந்த வண்டியே வந்திருக்காது.

மழை நிற்கிற மாதிரி தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் ரோடு ஈரமாகத்தான் இருக்கும்.

கேள், நான் முடிவு செய்துவிட்டேன். பூசையிலிருந்து எல்லோருக்கும் முன்னால் வெளியே வந்துவிடுவேன். என் வண்டிச் சாவியை ஸ்டெல்லாவின் கையில் கொடுத்துவிடுவேன். அவளுக்கு ஓட்டத் தெரியாது, அதனால் என் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அவளுக்கு முன்னால் போய் உன் வண்டியின் இடது கதவைத் திறந்து அந்தச் சீட்டில் உட்காருவேன். அட்டைக் கொத்தை மடியில் வைத்துக்கொள்வேன். "பந்தயம் வேணாண்டா. இது நல்ல வண்டின்னு நீ நம்புனா, என்ன வச்சி எவ்ளோ வேகமா வேணா ஓட்டு" என்று சொல்வேன். காது குத்தும்போது ஜெரி தாய்மாமன் என் மடியில்தான் உட்கார்ந்தான், கத்திக்கொண்டு என் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. அந்த மாமன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவன் கால் ஆக்சிலேட்டரில் அழுந்துமா? அழுந்தாது என்றுதான் நம்புகிறேன். ஆனால் அவன் உன் பிள்ளை. உனக்கு நான் எத்தனை தரம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன், என்றைக்காவது கேட்டிருக்கிறாயா?

உனக்கு நான் கொடுக்கிற வாக்கு இதுதான். உன் பெண்டாட்டி அந்தச் சீட்டில் இனி உட்கார மாட்டாள். வண்டி சர்வீஸ் சென்டருக்குப் போகிற வரைக்கும் அது என் சீட்டு. ஞாயிறு போனால் திங்கள், ஒவ்வொரு தடவையும் நான்தான் உட்காருவேன்.

நீ எனக்கு ஒன்றே ஒன்று செய். நாங்கள் அந்த மரத்தைத் தாண்டும்போது அங்கே வந்து நிற்காதே. எங்களைப் பார்க்க உனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தாலும் சரி, கூப்பிட்டுவிடாதே, மச்சான்.

இன்னும் உன்னோடு சண்டை தீராத உன் மச்சான்,
ஜெரியின் தாய்மாமன்,
சகாயம்