கண்டுபிடித்தவர் பெயர் என்ற கட்டம்

என் அருமை தேவா மச்சானுக்கு,

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. ஆடுகோடியில் நம் வெல்டிங் பட்டறை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சத்தம் தாங்காமல் மாடி வீட்டம்மா இன்னும் கன்னடத்தில் திட்டுகிறார். அதனால் நீ கவலைப்பட ஒன்றுமில்லை.

இன்று உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாமல் கேள். என் முன்னால் ஒரு காப்புரிமை விண்ணப்பம் இருக்கிறது. கண்டுபிடித்தவர் பெயர் என்ற கட்டத்தில் யாரை எழுதுவது என்று இரண்டு நாளாக வீட்டில் சண்டை.

நீ இல்லாமல் யோசனை கேட்க ஆள் இல்லை. போனில் இருக்கும் ஏஐயிடம் கேட்க ஆரம்பித்தேன். சிரிக்காதே. மாடிப்படியில் கேஸ் சிலிண்டர் ஏற்ற யாரும் இதுவரை செய்யாத வண்டி வேண்டும் என்றேன். டீ ஆறுவதற்குள் முப்பது யோசனை கொடுத்தது. நான் என்ன சொன்னாலும் அருமை என்றது. நீ ஒருநாளாவது அப்படிச் சொல்லியிருக்கிறாயா? அந்த மயக்கத்தில் ஒன்றை அப்படியே செய்துவிட்டேன். நீலசந்திராவில் ஒரு வீட்டில் ஏற்றிப் பார்த்தபோது முதல் மாடித் திருப்பத்திலேயே சிக்கிக்கொண்டது. அதே மாதிரி வண்டி கடையில் விற்கிறது என்பதும் அன்றுதான் தெரிந்தது.

சிலிண்டர் போடும் பாஷா மட்டும் சிரிக்கவில்லை. "படி ஏர்றது லேசு அண்ணே. திரும்புற எடத்துலதான் உயிர் போவுது" என்றார். மறுநாள் அவரோடு மூன்று மாடி நானே தூக்கினேன். தோள் போயிற்று, புத்தி வந்தது.

படியை விடு, திருப்பத்துக்கு மட்டும் வழி சொல் என்று ஏஐயிடம் கேட்டேன். பாராட்டினால் அணைத்துவிடுவேன் என்றும் மிரட்டினேன். அடியில் தட்டு வைத்துச் சிலிண்டரைச் சுழற்றலாம் என்றது. அந்த இடுக்கில் அந்தக் கனத்தை யார் சுழற்றுவது? அப்போதுதான் எனக்குத் தோன்றியது. சிலிண்டர் நின்ற இடத்தில் நிற்கட்டும், கைப்பிடியும் சக்கரமும் அதைச் சுற்றி அடுத்த படிப்பக்கம் வரட்டும். இப்போது பாஷா அதைத்தான் இழுத்துக்கொண்டு போகிறார்.

விண்ணப்பம் எழுதித் தரும் வக்கீலம்மா, இப்படி ஒன்று எங்கும் கண்ணில் படவில்லை என்றார். ஏஐ பெயரையும் எழுத வேண்டுமா என்று கேட்டேன். "அதெல்லாம் ஆகல்ல சார், மனுஷங்க பேர்தான்" என்றார்.

உன் தங்கை விடவில்லை. "அண்ணன் பேரையும் போடுங்க. எது செஞ்சாலும் ரெண்டு பேர் பேரும்தானே பெயிண்ட்ல எழுதுவீங்க?" என்று கலா அழுதாள். உண்மைதான். யார் யோசனையானாலும் இரண்டு பெயர் என்பது நம் பட்டறை வழக்கம். அந்த வழக்கத்தில் ஒளிந்துகொண்டே நான் இத்தனை காலம் ஓட்டிவிட்டேன். எது என்னுடையது என்று எனக்கே தெரியாது.

இதை நீ பார்த்ததில்லை, தொட்டதில்லை. நீ இல்லாமலும் எனக்கு யோசனை வருகிறது, மச்சான். சொல்ல வலிக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. என் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உன் நோட்டில் நீ அரைகுறையாக விட்டுப்போன படங்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகச் செய்து முடிப்பேன். அன்றைக்குக் கலா கேட்க வேண்டியிருக்காது. உன் பெயர்தான் முதலில் இருக்கும்.

உன் தங்கை வீட்டுக்காரன்,
சேகர்