ஒரே ஆளுக்கு மட்டும் சரியாக ஓடிய புரோகிராம்

அன்பு மாப்பிள்ளை சேகருக்கு,

திருப்பதியில் நம் கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கிறதா, இழுத்து மூடிவிட்டேனா என்று உனக்குக் கவலை இருந்திருக்கும். நடக்கிறது. ஆனால் அதற்கு நான் காரணம் இல்லை. சொல்கிறேன், கேள்.

என் தங்கச்சி காஞ்சனாவைக் கட்டிக்கொண்டதோடு நிறுத்தியிருக்கலாம். என்னையும் இந்த வகுப்புக்குள் இழுத்துவிட்டாய். திரையில் தெரிகிற பக்கத்தை அழகாகச் செய்வது என் பாடம். அதற்குப் பின்னால் சர்வரில் உட்கார்ந்து, யார் வந்தார், என்ன கேட்டார் என்று பார்த்துப் பதில் அனுப்புகிற புரோகிராம் உன் பாடம். பாதிப் பாடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாயே, படுபாவி, மீதியை யாரிடம் கேட்பது என்று ஒரு வார்த்தை சொன்னாயா?

ஊரில் எவனைக் கேட்டாலும் ஹைதராபாத், பெங்களூரு, அமெரிக்கா என்கிற காலம் இது. நீ போய்ச் சேர்ந்ததும் நிறையப் பேர் நின்றுவிட்டார்கள். பாலசமுத்திரத்துப் பவானி, வடமாலபேட்டை லோகேஷ் என்று சிலர்தான் விடாமல் பஸ் ஏறி வந்தார்கள். சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் வந்து இவர்கள் செய்ததைப் பார்ப்பதாக ஏற்பாடு. ஒருவரையும் வேலைக்கு எடுக்கவில்லை என்றால் வகுப்பை மூடிவிட்டு நானும் பெங்களூருக்குக் கிளம்புவது என்று முடிவு செய்திருந்தேன்.

காஞ்சனாவிடம் சொன்னேன். "உன் மூஞ்சிக்கு பெங்களூரு ஒண்ணுதான் கொறச்சல்" என்றாள்.

அவர்கள் செய்தது திருப்பதி–சென்னை பஸ்ஸுக்கு டிக்கெட் பதிவு செய்கிற புரோகிராம். நீ ஆரம்பித்துக் கொடுத்ததுதான். ஒவ்வொருவராக உட்கார்ந்து பார்த்தால் கடிகாரம் மாதிரி ஓடியது. கம்பெனிக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள், எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டுப் பாருங்கள் என்றேன்.

"சார், சூடண்டி, இங்க பாருங்க! என் டிக்கெட்ல பவானி பேர் வந்துகினு கீது" என்று லோகேஷ் கத்தினான்.

"எனக்கு இவன் பேர் வருது சார்!" என்றாள் பவானி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நாளைக்கு ஆள் வருகிறார்கள், இன்றைக்கு இந்தக் கூத்தா? தள்ளு, நானே எழுதுகிறேன் என்று பவானியின் கீபோர்டை இழுத்தேன். அவள் விடவில்லை. "சேகர் சார் எங்க கீபோர்டுல கை வெச்சதே இல்ல சார். நாங்களே பாத்துக்குறோம்" என்றாள். சின்னப் பெண்ணிடம் என்ன சண்டை? போய் என் இடத்தில் உட்கார்ந்து, என் பெயரைப் போட்டு நானும் உள்ளே போய்ப் பார்த்தேன்.

'வெல்கம் சேகர்' என்று வந்தது.

சோதித்துப் பார்க்க நீ கொடுத்த உன் பெயரில் யாரோ எனக்கு அடுத்த நொடியே உள்ளே போயிருக்கிறார்கள். அது எனக்குப் புரிய நேரமாயிற்று. அழுதுவிட்டேன் மாப்பிள்ளை, பிள்ளைகள் எதிரிலேயே. இதில் என்ன வெட்கம்?

பவானி என் திரையை எட்டிப் பார்த்தாள். "டேய் லோகேஷ், கடைசியா யார் உள்ள வந்தாங்களோ அவங்க பேர்தான் எல்லாருக்கும் போய்க்கினு கீது! அப்போ பேரு எல்லாருக்கும் பொதுவா ஒரே எடத்துல கீதுடா!" என்றாள். ஆளாளுக்கு ஒரு இடம் ஒதுக்காமல், வருகிற எல்லாரும் ஒரே பலகையில் அழித்து எழுதுகிற மாதிரி ஒரு வரி. தேடிப் பிடித்துத் திருத்தினார்கள். அது நீ எழுதின வரி.

வேண்டுமென்றே வைத்தாயா? அவர்களே விழுந்து எழுந்திருக்கட்டும் என்றா? இல்லை, நீயும் கவனிக்காமல் விட்டதா? பிள்ளைகள் முதலாவதுதான் என்று சத்தியம் செய்கிறார்கள். உன் பெண்டாட்டியோ, "அவரு வேணும்னு வெச்சாராம்! சட்டையத் திருப்பிப் போட்டுக்கினு கடைக்குப் போற ஆளு" என்று சிரித்துவிட்டு, எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. பவானியையும் லோகேஷையும் எடுத்துக்கொண்டார்கள். அது தெரிந்ததும் புதிதாகச் சேர ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

சென்னைக்குக் கிளம்புகிற அன்றைக்கு பவானி புது பேட்ச்சுக்காக மிஷின்களைச் சுத்தம் செய்தாள். பழைய பெயர்களையெல்லாம் நீக்கினாள். உன் பெயர் வந்ததும் கையை எடுத்துவிட்டு, "இத நீங்க பண்ணுங்க சார்" என்று எழுந்துகொண்டாள்.

உட்கார்ந்தேன். 'நிச்சயமாக நீக்கவா?' என்று திரை கேட்டது. எனக்கு நிச்சயம் இல்லை மாப்பிள்ளை. ஆமாம் என்று அழுத்தினேன். வருகிறவர்கள் அவரவர் பெயரில் வரட்டும்.

உன் பாடத்தின் மீதியை நான் படிக்கிறேன். வகுப்பை மூட மாட்டேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

காஞ்சனாவின் அண்ணன்,
திட்டுவதற்கு இனி ஆளில்லாத
உன் மச்சான்