கறுப்புத் திரையில் பதினேழாம் தேதி

என் வீட்டுக்காரருக்கு லோகாம்பாள் வணக்கத்துடன் எழுதுவது. நெஞ்சுவலி மாத்திரையை விடாமல் போடுகிறீர்களா? பேத்தி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? போனில் உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, அதனால்தான் கடிதம்.

பெங்களூரில் நான் சமைக்கிற வீட்டில் சுவர்க் காலண்டரே கிடையாது. சுதா அம்மா கம்ப்யூட்டரில் மூன்று எழுத்துத் தட்டினால் கறுப்புத் திரையில் மாதம் முழுக்க வந்து விழுகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற நானும் தட்டக் கற்றுக்கொண்டேன். ஏரியில் வலை போட நம் முறை வரும் நாளை அதில் எண்ணி, உங்களைப் படகில் ஏறவிடாமல் தடுக்கப் பதினேழாம் தேதிக்கு லீவு வாங்கினேன்.

நேற்று மருமகள் போன் செய்தாள். "அத்தே, ஊர்ல ஒரு சாவு. யாரும் வலை போடல. நம்ம பாடு முறை பதினெட்டுக்குத் தள்ளிப்போச்சு" என்றாள்.

லீவை மாற்றிக் கேட்டேன். "முடியாது ஆயா. உங்க ஊர் சாவு இந்தக் காலண்டருக்கு எப்படித் தெரியும்?" என்று சுதா அம்மா சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

கொஞ்சம் கருவாடு எடுத்து வையுங்கள். இங்கே எதைத் தின்றாலும் வாய்க்கு ஒட்டவில்லை. குக்கர் கூப்பிடுகிறது, முடிக்கிறேன்.

பதினெட்டில் உங்கள் தம்பி வலை போடட்டும். நான் பதினேழே வருகிறேன். படகில் ஏறமாட்டேன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அதற்கு ஒரு நாள் போதும்.

லோகாம்பாள்